குடகு தந்த வான்வீரர்

நம் தாயகத்துக்கு நீர் வார்க்கும் காவிரி பிறப்பது குடகு நாட்டுத் தலைக்காவேரியில் என்பதை அறியாத தமிழர் இலர். நாம் குடியிருக்கும் மைசூர் அக்ரஹாரத்திலிருந்து குடகின் தலைநகராம் மடிக்கேரி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவே. இன்றளவும் ரயில் பாதை எட்டாத அம்மலைநாடு, தளபதிகள் கரியப்பாவையும் திம்மையாவையும் பாரதத்திற்கு ஈந்தது. அம்மண்ணின் மற்றொரு மைந்தரை ஆண்டு விழா மலரில் நினைவுகூர்வது கடமை எனக் கருதுகிறோம். அவரே ஸ்க்வாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா. குலப்பெயரை முன்வைத்து வழங்குவது குடகர் மரபு.

1932 டிசம்பர் 24-இல் பிறந்த தேவய்யா, 1954-இல் இந்திய விமானப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். இளைஞர்க்கு விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியராகவும் விளங்கினார். 1965-இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. அவர் முதலாம் ஸ்க்வாட்ரனைச் சார்ந்து பஞ்சாபின் ஆதம்பூர் தளத்தில் இருந்தார்.

செப்டம்பர் 7 விடியற்காலை. பகைவரின் பெரிய விமானத்தளமாகிய சர்கோதாவைத் தாக்கப் பன்னிரண்டு மிஸ்டேர் விமானங்கள் குறிக்கப்பட்டன. தேவய்யாவோ அப்பன்னிருவருள் ஒருவர் அல்லர். எவரேனும் பின்தங்கினால் ஈடு செய்யவே அவர் நிறுத்தப்பட்டிருந்தார். ஒரு விமானம் வரிசையினின்று விலக நேர்ந்தது. அவர் தயங்காது அவ்விடத்தை நிரப்பினார்.

தாக்குதல் முடிந்து திரும்பும் வழியில் ஸ்டார்ஃபைட்டர் ஒன்று அவரை மறித்தது. அது ஒலியினும் இருமடங்கு விரைவுடையது. மிஸ்டேரோ நேர்ப் பறப்பில் ஒலியின் வேகத்தையும் எட்டாதது. சர்கோதா மிஸ்டேரின் எரிபொருள் எல்லையில் இருந்தமையால், நின்று பொருதால் ஊர் திரும்புதல் அரிது. முதல் அடியும் அவர் விமானத்தின் மீதே விழுந்தது. அந்நிலையிலும் அவர் ஓடவில்லை. திரும்பி நின்று போரிட்டார். மிஸ்டேரின் பீரங்கிக்கு ஸ்டார்ஃபைட்டர் இரையாயிற்று. அதன் விமானி அம்ஜத் ஹுசேன் பாராசூட்டில் இறங்கி உயிர் தப்பினார். தேவய்யா மீளவில்லை. அப்போது அவருக்கு வயது 32.

உடன் சென்றோர் எவரும் அப்போரைக் கண்டிலர். ஆகவே அவர் பெயர் காணாமற்போனோர் கணக்கில் எழுதப்பட்டது, அவ்வளவே. வீரச்செயல் ஏடேறவில்லை. ஒருவரது வாழ்வு முழுவதும் பதிவேட்டின் ஒரு வரியில் ஒடுங்கிவிடுதல் எத்துணைக் கொடிது! குடும்பத்தார் அவ்வாறே ஆண்டுகளைக் கழித்தனர்.

1979-இல் ஜான் ஃபிரிக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர், பாகிஸ்தான் விமானப்படையின் பக்கமிருந்து அப்போரை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். அதனால் உண்மை துலங்கிற்று. நண்பர் காணாததைப் பகைவர் தரப்பே உலகுக்கு உரைத்தது. அன்று படையை நடத்திச் சென்ற தனேஜா, தம் தோழருக்கு உரிய மதிப்பு கிடைக்க வேண்டுமென மேலிடத்தில் எடுத்துரைத்தார். 1988-இல், இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், தேவய்யாவுக்கு மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டது.

காவிரி நீர் பருகி வளர்ந்த நாம், அவ்வாற்றின் பிறப்பிடத்தில் தோன்றிய இவ்வீரரை நம் மக்களுக்கு அறிமுகம் செய்வோமாக. காண்பார் இலராயினும் கடமையில் நிற்பதே மெய்யான வீரம் என்பதை அவர்கள் உணர்வார்களாக.

வாழ்க தேவய்யாவின் புகழ்!