மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் கற்றுத்தந்த கடிதக் கலை



மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகிறவர்கள் பர்லியாரில் இறங்கிப் பலாப்பழம் வாங்காமல் போக மாட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் அங்கே மலைச்சாலைத் தடுப்புச்சுவர் வேலையில் இருந்தேன். மழையால் வேலை தள்ளிப்போனது. கூடுதல் நாள் கேட்டு மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் துண்டு துண்டான வாக்கியங்கள். பையன் சண்டைக்கு வருகிறான் என்று நினைத்துவிட்டார்கள்!

அந்தச் சமயத்தில்தான் சாஸ்திரியாரின் கடிதங்களைப் படித்தேன். டி.என். ஜகதீசன் தொகுத்து 1944-ல் வெளிவந்த புத்தகம் அது.

கும்பகோணம் பக்கத்தில் வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22-ல் பிறந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-ல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார். 1927-ல் தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் முதல் ஏஜெண்ட். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இங்கிலாந்துக்காரர்களே மெச்சிய ஆங்கிலம் அவருடையது.

காந்தியடிகளைவிடப் பத்தே நாள் மூத்தவர். ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. அதைக் காந்திஜியிடம் ஒளிக்கவும் இல்லை. இருந்தும் நட்பு முறியவில்லை. சத்திய சோதனையின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தவரும் அவர்தான். தன் பேர் வெளியே வரக்கூடாது என்பது நிபந்தனை! 1946 ஜனவரியில் சென்னையில் படுக்கையில் கிடந்தவரைக் காந்திஜி நேரில் போய்ப் பார்த்தார். அதே ஏப்ரல் 17-ல் சாஸ்திரியார் காலமானார்.

அவர் கடிதங்களில் நான் கற்றது இதுதான். நாம் தமிழில் வந்து, பார்த்து, சொல்லி என்று எச்சங்களால் சுலபமாகக் கோத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்று, ‘அண்ட்’ போட்டு நீட்டுகிறோம், இல்லையென்றால் வெட்டிவிடுகிறோம். மரியாதையான கடிதத்தில் எதிராளியின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டு, ‘தோ’ அல்லது ‘வைல்’ போட்டு, நம் மறுப்பை அதே வாக்கியத்தில் சேர்க்க வேண்டும். காரணத்தை ‘ஆஸ்’ போட்டு முன்னால் வைத்தால், பின்னால் வரும் கோரிக்கை அதிகாரமாகத் தொனிக்காது. இது வெறும் நயம் இல்லை. எதிராளியின் பக்கத்தையும் யோசித்தேன் என்பதற்கு அத்தாட்சி.

கடிதத்தை அப்படியே திருத்தி மறுபடி அனுப்பினேன். கேட்ட நாள் முழுசாகக் கிடைக்கவில்லை, பாதி கிடைத்தது. ஆனால் பேச்சுவார்த்தை அறுந்துபோகவில்லை.

வேலைக்கு மனுப் போடப்போகும் தம்பி தங்கைகளே, லைப்ரரியில் சாஸ்திரியார் கிடைத்தால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்!