1930-ல் மேகத்திடம் தப்பினார், 1941-ல் சிக்கினார்... யார் இந்த எமி ஜான்சன்?

1930 மே மாதம். துருக்கியின் டாரஸ் மலைத்தொடர். ஒற்றை இன்ஜின் கொண்ட சின்ன விமானத்தில் 26 வயது பெண் தனியாகப் பறக்கிறார். இருபக்கமும் செங்குத்தான பாறைகள். திடீரென எதிரே வெள்ளையாக மேகம். அடுத்த சில நொடிகளில் எதுவுமே தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

அந்தப் பெண்தான் எமி ஜான்சன்.

யார் இவர்?

இங்கிலாந்தின் ஹல் நகரில், மீன் வியாபாரக் குடும்பத்தில் 1903-ல் பிறந்தவர். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு, லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டக் கற்று, 1929-ல் லைசென்ஸ் வாங்கினார். அதோடு நிற்காமல் விமான மெக்கானிக் உரிமமும் பெற்றார்.

அப்பாவும், வேக்ஃபீல்டு பிரபுவும் பண உதவி செய்ய, பழைய ஜிப்சி மாத் விமானம் ஒன்றை வாங்கி 'ஜேசன்' எனப் பெயர் வைத்தார். 1930 மே 5-ல் லண்டன் குரோய்டனில் இருந்து ஆஸ்திரேலியா கிளம்பினார். சுமார் 18,000 கி.மீ. தூரம். அதற்கு முன் அவர் தனியாகப் பறந்த அதிகபட்ச தூரம், லண்டனில் இருந்து சொந்த ஊர் ஹல் வரைதான். விமானத்தில் ரேடியோவும் கிடையாது.

மேகம் ஏன் ஆபத்து?

மேகத்துக்குள் அடிவானம் தெரியாது. அப்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நம்மை ஏமாற்றிவிடும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கினாலும், நேராகப் போவது போலவே தோன்றும். அதனால்தான் மேகத்தைப் பார்த்ததும் உள்ளே போகாமல் திரும்பிவிட வேண்டும் என்றும், தவறி நுழைந்துவிட்டால் உடல் உணர்வை நம்பாமல் கருவிகளை நம்பி மெதுவாகத் திரும்ப வேண்டும் என்றும் இன்று விமானிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

ஆனால் எமி இருந்தது குறுகலான கணவாய். திரும்ப இடமில்லை. மேகத்துக்குக் கீழே இறங்கி வெளியே வந்தபோது எதிரே பாறைச் சுவர்! சட்டென விமானத்தை வளைத்துத் தப்பினார்.

பிறகு ஜான்சியில் ராணுவ மைதானத்தில் இறங்கினார். ரங்கூனில் விமானம் பள்ளத்தில் பாய்ந்து சேதமானது. அதையும் சரிசெய்து, மே 24-ல் டார்வின் நகரை அடைந்தார். இங்கிலாந்தில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் இவர்தான்.

கடைசிப் பயணம்

இரண்டாம் உலகப் போரில், ராணுவ விமானங்களை ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் பணியில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5. பிளாக்பூலில் இருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகே உள்ள கிட்லிங்டனுக்கு ஒரு விமானத்தை ஓட்டிச் செல்ல வேண்டும். இரண்டு மணி நேரம்கூட ஆகாத பயணம். ஆனால் வானிலை மோசம். அப்போதும் ரேடியோ இல்லை.

மதியத்துக்கு முன் கிளம்பியவர், மாலை நெருங்கும்போது வழியில் இருந்து வெகுதூரம் விலகி, தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்தில் பாராசூட்டில் குதித்தார். மேகத்தில் வழி தவறி, எரிபொருள் தீர்ந்திருக்கலாம் என்பதே பரவலான விளக்கம். வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு.

கீழே பனிபோல் குளிர்ந்த கடல். அவரைக் காப்பாற்றக் குதித்த கப்பல் அதிகாரி வால்டர் ஃபிளெட்சரும் உயிரிழந்தார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 37.