தன்னந்தனியாக உலகைச் சுற்றிய மாலுமி

இண்டூர்ப் பக்கத்து மக்களுக்குப் படகு என்றால் ஒகேனக்கல் பரிசல்தான். அதில் ஏறி ஆற்றைக் கடக்கவே சிலருக்கு நெஞ்சு படபடக்கும். ஒரு சிறு மரப்படகில், துணைக்கு ஆள் இல்லாமல், உலகத்தையே சுற்றி வந்தார் ஒருவர். அவர் பெயர் ஜோஷுவா ஸ்லோக்கம்.

கனடாவில் 1844-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் பூட்ஸ் தைப்பவர். பத்து வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. தைக்கும் வேலைக்கு இடையே, சிறுவன் ரகசியமாக ஒரு பொம்மைக் கப்பல் செய்தான். தகப்பனார் அதைக் கண்டு உடைத்தெறிந்தார். ஆனால் கப்பல் ஆசை உடையவில்லை. 14 வயதில் வீட்டை விட்டு ஓடி, மீன்பிடிப் படகில் சமையல்காரன் ஆனான். பிறகு படிப்படியாக உயர்ந்து, கப்பல் தலைவர் ஆனார்.

கரையில் ஒரு குடும்பம்

1887-ல் பிரேசில் கரையில் அவருடைய கப்பல் தரை தட்டி உடைந்தது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். ஸ்லோக்கம் கலங்கவில்லை. உடைந்த கப்பலில் கிடைத்த சாமான்களையும் காட்டு மரங்களையும் கொண்டு 35 அடிப் படகு கட்டினார். மனைவி பாய் தைத்தார். 1888 மே 13-ல், பிரேசிலில் அடிமைகள் விடுதலை பெற்ற அதே நாளில், படகு நீரில் இறங்கியது. அதற்கு 'விடுதலை' என்றே பெயரிட்டார்கள். சுமார் 5,500 மைல் கடந்து குடும்பம் பத்திரமாக அமெரிக்கா சேர்ந்தது.

மட்கிய படகு

அப்போது நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டன. பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை இல்லை. நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு படகு கொடுத்தார். புல்வெளியில் கிடந்து மட்கிய படகு அது. ஸ்லோக்கம் ஓக் மரத்தை வெட்டி அடிக்கட்டை போட்டார். மரச்சட்டங்களை நீராவியில் பதப்படுத்தி வளைத்தார். 13 மாத உழைப்பு. செலவு 553 டாலர். பழைய படகு புதிதாக எழுந்தது. 'ஸ்ப்ரே' என்பது அதன் பெயர்.

1895 ஏப்ரல் 24-ல் பாஸ்டன் நகரிலிருந்து புறப்பட்டார். வயது 51. அவருக்கு நீந்தத் தெரியாது! நேரம் பார்க்க ஒரு டாலர் தகரக் கடிகாரம். சுக்கானைக் கட்டிவிட்டால் படகு தானே நேர்வழி செல்லும். அந்த நேரத்தில் அவர் சமைப்பார், படிப்பார், தூங்குவார்.

தென் அமெரிக்காவின் தென்முனையில், இரவில் படகில் ஏறி வருவோருக்கு அஞ்சி, தளம் முழுவதும் சிறு ஆணிகளைத் தூவிவிட்டுப் படுத்தார். நள்ளிரவில் வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்தார்கள்.

1898 ஜூன் 27-ல் அமெரிக்கா திரும்பினார். கடந்த தூரம் 46,000 மைல். தனியாகப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. பத்து வயதோடு பள்ளியை விட்டவர், தம் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார். 1900-ல் வெளிவந்த அதை இன்றும் மக்கள் படிக்கிறார்கள்.

அறுபது வயதைத் தாண்டிய பின், அதே படகில் மீண்டும் தனியாகப் புறப்பட்டார். திரும்பவே இல்லை. தாமே கட்டிய படகும் அவரும் கடலோடு கலந்துவிட்டார்கள்.