காற்றை அளந்த கணித அறிஞர்

ராபர்ட்சன்பேட்டையை அடுத்த சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் கொண்டது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து அங்கு வேலைக்கு வந்த தமிழர், ஆழத்தில் காற்றும் சுடும் என்பதை நாள்தோறும் தம் உடலால் அறிந்தனர். பாறையின் வெப்பம் அதற்கு ஒரு காரணம். கீழே இறங்கும் காற்று மேலுள்ள காற்றின் எடையால் அமுக்கப்பட்டுச் சூடேறுவது மற்றொரு காரணம். சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் இது விளங்கும். காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்னும் இவ்வியல்போடு வாழ்நாள் முழுதும் போராடியவர் ஸ்டான்லி ஹூக்கர்.

ஹூக்கர் 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தின் ஷீர்னெஸ் என்னும் ஊரில் பிறந்தார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் கணிதம் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். நீரும் காற்றும் பாயும் முறையைச் சமன்பாடுகளால் விளக்குவதே அவர் கற்ற கலை. இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் பயிற்சி அவருக்கு இல்லை. 1938 சனவரியில் டெர்பி நகரிலிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் அவர் சேர்ந்தபோது, இவருக்கு என்ன வேலை தருவது என்று எவருக்கும் தெரியவில்லை. சில நாட்கள் சும்மா அமர்ந்திருந்தார். பின்னர் அலுவலகத்தைச் சுற்றிவந்தபோது, சூப்பர்சார்ஜர் சோதனைகளின் அளவீடுகள் அவர் கைக்குக் கிடைத்தன.

சூப்பர்சார்ஜர் என்பது இயந்திரத்துக்கு மூச்சூட்டும் கருவி. இருபதாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியே. காற்றுக் குறைந்தால் எரியும் எரிபொருளும் குறையும். இயந்திரத்தின் ஆற்றலும் குன்றும். எனவே, இறக்கைகள் அமைந்த ஒரு சக்கரத்தை நிமிடத்திற்கு இருபத்தையாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழற்றி, காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் செலுத்துகின்றனர். மோட்டார்ப் பந்தயக் கார்களிலும் அக்காலத்தில் இது இடம்பெற்றிருந்தது. ஆனால் இதில் ஓர் இக்கட்டு உண்டு. சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலை இயந்திரமே தர வேண்டும். அமைப்பில் குறையிருந்தால் அவ்வாற்றலின் பெரும்பகுதி காற்றைச் சூடாக்குவதிலேயே வீணாகும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும். எரிபொருள் காலம் தவறி வெடித்து இயந்திரத்தையும் சிதைக்கக்கூடும். செலவிட்ட ஆற்றலில் எவ்வளவு காற்றை அமுக்கப் பயன்பட்டது என்பதே சூப்பர்சார்ஜரின் பயனுறுதிறன்.

அளவீடுகளை ஆராய்ந்த ஹூக்கர், மெர்லின் இயந்திரத்தின் சூப்பர்சார்ஜரில் பயனுறுதிறன் குறைவு என்றும், காற்று நுழையும் வழியையும் சக்கரத்தையும் திருத்தினால் அதை உயர்த்தலாம் என்றும் கணக்கிட்டு அறிக்கை எழுதினார். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஜேம்ஸ் எல்லர் என்னும் மூத்த பொறியாளர். புதிதாக வந்தவர் தம் வேலையில் குறை கண்டதற்கு எல்லர் சினந்திருக்கலாம். அவரோ அவ்வறிக்கையை ஏற்று, சூப்பர்சார்ஜரைச் செம்மைப்படுத்தும் பொறுப்பை ஹூக்கரிடமே ஒப்படைத்தார். ஹூக்கரின் வாழ்வைத் திருப்பியது இந்தப் பெருந்தன்மையே எனலாம்.

போர் மூண்டது. 1941இன் பிற்பகுதியில் ஃபோக்க-உல்ஃப் 190 என்னும் செர்மானியப் போர்விமானத்தின் முன் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பின்தங்கின. விமானிகள் பலர் உயிரிழந்தனர். அந்நாளில் உயரப் பறக்கும் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்கென ஹூக்கரின் குழு மெர்லின் 61ஐ உருவாக்கியிருந்தது. அதில் ஒரே சக்கரத்தின்மேல் முழுச் சுமையையும் ஏற்றாமல், அடுத்தடுத்து இரு சக்கரங்கள் காற்றை அமுக்கின. சிலிண்டருக்குள் நுழையுமுன் அக்காற்றைக் குளிர்விக்கும் அமைப்பும் சேர்க்கப்பட்டது. போரின் தொடக்கத்தில் இருந்த மெர்லின் பதினாறாயிரம் அடியில் ஏறத்தாழ 1,030 குதிரைத்திறன் தந்தது. மெர்லின் 61, அதே 27 லிட்டர் கொள்ளளவோடு, 23,500 அடியில் 1,390 தந்தது. அதை ஸ்பிட்ஃபயரில் பொருத்தலாம் என்ற யோசனை நிறுவனத் தலைவர் ஹைவ்ஸுடையது. 1942 சூலையில் அவ்விமானங்கள் போருக்குச் சென்றன; பின்தங்கிய நிலையும் மாறியது.

ஜெட் இயந்திரத்தின் முற்பகுதியும் காற்றை அமுக்கும் கருவியே. ஆதலால் ஃபிராங்க் விட்டில் கண்ட ஜெட் இயந்திரத்தை ஹூக்கர் எளிதில் புரிந்துகொண்டு, அதை வளர்க்கும் பணிக்குச் சென்றார். பின்னர் ஹைவ்ஸுடன் மனத்தாங்கல் ஏற்பட்டு, 1949இல் பிரிஸ்டல் நிறுவனத்திற்கு மாறினார். அங்கு அவர் தலைமையில் பிறந்த ஆர்ஃபியஸ் என்னும் சிறிய ஜெட் இயந்திரம், ராபர்ட்சன்பேட்டையிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டது. 1965 போரில் பெயர்பெற்ற நேட் விமானமும், இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட மாருத் விமானமும் அதனால் பறந்தவை.

ரோல்ஸ்-ராய்ஸ் 1971இல் திவாலாயிற்று. காரணம், ஆர்.பி. 211 என்னும் பெரிய இயந்திரத்தை உருவாக்குவதில் ஏற்பட்ட செலவும் இடர்களும். ஓய்வு பெற்றிருந்த ஹூக்கர், தாம் மனம் கசந்து பிரிந்த அந்நிறுவனத்திற்கே திரும்பி வந்து, அவ்வியந்திரத்தின் குறைகளைத் தீர்த்தார். 1974இல் அவருக்கு சர் பட்டம் அளிக்கப்பட்டது.

இளமையில் ஒருமுறை ஹைவ்ஸ், நீர் பெரிய பொறியாளர் ஒன்றுமில்லை என்று ஹூக்கரைக் கேலி செய்ததுண்டு. 1984இல் ஹூக்கர் மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலுக்கு அந்தக் கேலியையே அவர் தலைப்பாக வைத்திருந்தார்.