ஓட்டையைத் தேடிய மேயர்

ஏர்கன்னுக்குக் காற்று நிரப்புற ஹை பிரஷர் கம்ப்ரசரோட மல்லுக்கட்டியிருந்தா இந்தக் கடுப்பு உங்களுக்குத் தெரியும். 300 பார் வரை ஏற வேண்டிய கேஜ் முள் பாதி வழியில் நின்னுடும். மோட்டார் ஓடும், சத்தம் வரும், முள் மட்டும் அசையாது. உடனே ஃபிட்டிங்கில் சோப்புத் தண்ணி தடவி நுரை வருதான்னு பார்ப்பீங்க. அப்புறம் ஓ-ரிங், பிஸ்டன் ரிங், செக் வால்வுன்னு ஒவ்வொண்ணா கழட்டுவீங்க (அதுக்கு முன்னாடி பிளீட் பண்ண மறந்துடாதீங்க).

ஓ-ரிங்கே இல்லாத காலத்தில் இதே வேலையைத் தலைகீழா செஞ்சவர் ஓட்டோ வான் கெரிக்கே. நாம காற்றை உள்ளே அடைக்கிறோம். அவர் வெளியே எடுத்தார். எதிரி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்: லீக்.

1602-ல் ஜெர்மனியின் மக்டெபர்க் நகரத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். சட்டம் படிச்சார், லெய்டனில் கணிதமும் கோட்டை கட்டும் பொறியியலும் கற்றார். ஊர் திரும்பிக் குடும்பத்தோடு நிம்மதியா இருந்தவருக்கு 1631 மே மாதம் இடி விழுந்தது. முப்பதாண்டுப் போரில் பேரரசுப் படை மக்டெபர்க்கைச் சூறையாடி எரித்தது. ஏறத்தாழ 20,000 பேர் செத்துப்போனார்கள். கெரிக்கே சொத்தையெல்லாம் இழந்து கைதியானார். பணயத்தொகை கட்டித்தான் மீட்டார்கள். பிறகு அதே சாம்பல் மேட்டுக்குத் திரும்பி வந்து, பொறியாளரா நின்று ஊரைக் கட்டினார். 1646-ல் மேயர்களில் ஒருவரானார். அடுத்த பல வருஷம் ஊருக்காகக் கெஞ்சி, பேரம் பேசி, அரசவை அரசவையா அலைஞ்ச வாழ்க்கை. இதுக்கு நடுவில்தான் பம்ப்!

வெற்றிடம்னு ஒண்ணு இருக்கவே முடியாதுன்னு அறிஞர்கள் பலர் அப்போ அடிச்சுச் சொன்னாங்க. வாதம் பண்ணி முடியாது, செஞ்சு பார்த்துடலாம் என்பது கெரிக்கேயின் கட்சி. ஒரு மரப் பீப்பாயில் தண்ணீரை நிரப்பி, அடியில் பித்தளைப் பம்பைப் பொருத்தித் தண்ணீரை உறிஞ்சச் சொன்னார். தண்ணீர் போன இடம் காலியாத்தானே இருக்கணும்? முதலில் பம்பைப் பிடிச்ச திருகுகளே பிய்த்துக்கொண்டு வந்தன. அதைப் பலப்படுத்திய பிறகு, பலசாலிகள் இழுக்க இழுக்க உள்ளே கொதிக்கிற மாதிரி சத்தம். மரத்தின் நுண்துளை வழியே காற்று புகுந்துகொண்டிருந்தது.

சரி, சின்னப் பீப்பாயைப் பெரிய பீப்பாய்க்குள்ளே வைத்துச் சுற்றிலும் தண்ணீர் நிரப்பினார். காற்று நின்னுது. ஆனா இப்போ வெளியே இருந்த தண்ணீர் மெல்ல உள்ளே கசிந்தது. பிரச்சினை பம்பில் இல்லை, மரத்தில்தான்னு இங்கே அவருக்குத் தெளிவாச்சு. ஒரு நேரத்தில் ஒரு சந்தேகத்தை மட்டும் சோதிப்பது எவ்வளவு கஷ்டம்னு நம்ம லேப்ல நின்னவங்களுக்குத் தெரியும்.

அடுத்து செப்புக் கோளம். தண்ணீர் இல்லாமல் நேரடியா காற்றையே இழுத்தார். திடீர்னு பெரிய வெடிச்சத்தம். கோளம் கசக்கின துணி மாதிரி நசுங்கிப்போச்சு. காரணம்? அது சரியான உருண்டையா இல்லை. தட்டையா இருந்த இடத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் மடக்கிவிட்டது. துல்லியமான உருண்டையா இன்னொன்று செய்யச் சொன்னார். அது தாங்கியது. பம்பின் வால்வுகளையும் பின்னாடி தண்ணீரில் மூழ்க வைத்தார். தண்ணீரே சீல்!

பிறகுதான் நமக்குப் பள்ளியில் சொன்ன அந்தக் குதிரைக் கதை. அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான விட்டமுள்ள இரண்டு செப்பு அரைக்கோளங்கள், நடுவில் மெழுகும் டர்பன்டைனும் ஊறிய தோல் வளையம். அந்தத் தோல்தான் அவருடைய கேஸ்கெட். 1657-ல் மக்டெபர்க்கில் 16 குதிரைகளைப் பூட்டி, பக்கத்துக்கு எட்டாக இழுக்க வைத்தார். (ஒரு பக்கத்தை மரத்தில் கட்டியிருந்தா 8 குதிரையே போதும். விசை ஒன்றுதான். ஆனா கூட்டம் சேராதே!) விட்டத்தை 40 செ.மீ. என்று வைத்து நீங்களே கணக்குப் போடுங்க, ஒரு டன்னுக்கு மேலே வரும்.

அதே வருஷம் காஸ்பர் ஷாட் என்பவர் புத்தகத்தில் இந்தப் பம்பைப் பற்றி எழுத, அதைக் கேள்விப்பட்ட ராபர்ட் பாயில் ஹூக்கின் உதவியோடு இன்னும் நல்ல பம்ப் செய்தார். பாயில் விதி வந்த வழி அது. கெரிக்கேயின் சொந்தப் புத்தகம் 1672-ல்தான் வெளியானது. அதில் ஒரு காற்றுத் துப்பாக்கியும் உண்டு. பாத்திரத்தில் வெற்றிடம், திறந்ததும் வெளிக்காற்று பாய்ந்து குண்டைத் தள்ளும். எவ்வளவு முயன்றாலும் அதில் கிடைப்பது ஒரு பார்தான், ஏன்னு யோசிங்க.

1681-ல் கொள்ளைநோய்க்குப் பயந்து ஹாம்பர்க்கில் இருந்த மகன் வீட்டுக்குப் போனார். 1686-ல் அங்கேயே இறந்தார். அசல் அரைக்கோளங்கள் இன்னைக்கும் மியூனிக் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கு.