காற்றிலிருந்து சோறும் வெடிமருந்தும்: பிரிட்ஸ் ஹேபரின் வாழ்க்கை

போர்க்காலத்தில் வன்னிக்குக் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படாத பொருட்களின் பட்டியலை எம்மில் பலர் இன்றும் நினைவிலிருந்து சொல்வார்கள். பற்றரி, பெற்றோல், சீமெந்து என்று நீளும் அந்தப் பட்டியலில் யூரியாவும் இருந்தது. வயலுக்கு வீசும் வெள்ளைப் பசளையை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்ட விவசாயிக்கு, வெடிபொருள் செய்யப் பயன்படும் என்பதே பதிலாகக் கிடைத்தது. பயிரை வளர்ப்பதும் கட்டடத்தைத் தகர்ப்பதும் எப்படி ஒரே பொருளாக இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கான விடை நூறு ஆண்டுகளுக்கு முன் ஜேர்மனியில் வாழ்ந்த ஓர் இரசாயனவியலாளரின் வாழ்க்கையில் இருக்கிறது. உயர்தர மாணவர்கள் அமோனியா உற்பத்தி பற்றிய பாடத்தில் அவரது பெயரைப் படிக்கிறார்கள். பாடம் பெயரோடு நின்றுவிடுகிறது.

பிரிட்ஸ் ஹேபர் 1868 டிசம்பர் 9 அன்று பிரெஸ்லோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று ஜேர்மன் மக்களின் நகராக இருந்த அது இன்று போலந்தின் விரோத்சுவாவ். அவர் பிறந்து மூன்று வாரங்களில் தாய் இறந்துபோனார். தந்தை சாய வியாபாரி. யூதர்களுக்குச் சட்டத்தில் சம உரிமை இருந்தாலும், பல்கலைக்கழகப் பதவிகளும் இராணுவ அதிகாரிப் பதவிகளும் நடைமுறையில் அவர்களுக்கு எட்டாதவையாகவே இருந்தன. இளம் ஹேபர் தன்னை முழு ஜேர்மனியராக நிறுவிக்கொள்ள விரும்பினார். 1892இல் கிறிஸ்தவத்துக்கு மாறினார். 1894இல் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, 1906இல் பேராசிரியரானார்.

அவர் கையிலெடுத்த சிக்கலைப் புரிந்துகொள்ள, நைதரசன் இயற்கையில் எப்படிச் சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 வீதம் நைதரசன். புரதத்துக்கும் மரபணுவுக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் காற்றிலுள்ள நைதரசனைச் செடியோ மனிதரோ நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதன் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. இயற்கையில் அந்தப் பிடியை உடைக்க இரண்டு வழிகளே பெரிதும் உண்டு. ஒன்று மின்னல். மற்றது மண்ணிலும் நீரிலும் வாழும் சில பற்றீரியாக்கள். பயறு, உளுந்து, சணல் போன்ற அவரையினச் செடிகளைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அங்கே குடியிருக்கும் பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைச் செடிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கின்றன.

செடியை மாடு தின்கிறது, மாட்டின் சாணம் மண்ணுக்கு வருகிறது, மண்ணின் நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன, அடுத்த பயிர் அதை உறிஞ்சுகிறது. வேறு சில பற்றீரியாக்கள் எஞ்சியதை மீண்டும் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன. யாழ்ப்பாணத் தோட்டங்களில் குழை தாழ்த்ததும், நெல் வெட்டிய வயலில் பயறு விதைத்ததும், மாட்டுப் பட்டியைத் தரையில் அடைத்ததும் இந்தச் சுழற்சியைத் தெரிந்து செய்த வேலைகளே. பிணைப்பு உடைந்த நைதரசன் மண்ணுக்குள் வரும் வேகமே ஒரு நிலம் எத்தனை பேருக்குச் சோறு போடலாம் என்பதைத் தீர்மானித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் சனத்தொகை இந்த வேகத்தை மிஞ்சியது. பேருவின் தீவுகளில் குவிந்திருந்த கடற்பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். அது குறையவே, தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவன வெடியுப்பை நம்பினார்கள். அந்த உப்புக்காகவே சிலியும் பேருவும் பொலிவியாவும் 1879இல் போரில் இறங்கின. 1898இல் பிரித்தானிய விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ், இந்த உப்புப் படிவுகள் தீர்ந்தால் கோதுமை உண்ணும் நாடுகள் பசியில் வாடும் என்றும், காற்றின் நைதரசனைப் பிணைக்க இரசாயனவியலாளர்கள் வழி காண வேண்டும் என்றும் எச்சரித்தார்.

வழியைக் கண்டவர் ஹேபர். நைதரசனையும் ஐதரசனையும் மிக உயர்ந்த அமுக்கத்தில், 500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஒஸ்மியம் என்ற உலோக ஊக்கியின் மீது செலுத்தினால் அமோனியா உருவாகும் என்று கண்டறிந்தார். அவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் கருவியை அமைத்தவர் அவரது உதவியாளர் ரொபேட் லே ரொசிஞோல். 1909 ஜூலையில் பாஸ்வ் நிறுவனத்தின் பிரதிநிதிகள் முன்னிலையில் அந்தச் சிறிய கருவியிலிருந்து அமோனியா துளித்துளியாகச் சொட்டியது. அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்கியவர் கார்ல் பொஷ். ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு மலிவான இரும்பு ஊக்கி கிடைத்தது. 1913இல் ஓபாவ் என்ற ஊரில் முதல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. பற்றீரியாக்கள் மண்ணுக்குள் மெதுவாகச் செய்த வேலையை மனிதன் உருக்குக் குழாய்களுக்குள் செய்யத் தொடங்கிவிட்டான்.

அடுத்த ஆண்டே முதலாம் உலகப்போர் வெடித்தது. பிரித்தானியக் கடற்படை விதித்த தடையால் சிலியின் உப்பு ஜேர்மனிக்கு வராமல் நின்றது. அந்த உப்பில்லாமல் பசளை மட்டுமல்ல, வெடிமருந்தும் செய்ய முடியாது. ஏனெனில் பிணைப்பிலிருந்து பிரிக்கப்பட்ட நைதரசன் அணுக்கள் எப்போதும் பழைய இணைக்குத் திரும்பத் துடிப்பவை. மண்ணில் அந்தத் திரும்புதல் ஆறுதலாக நடக்கிறது. வெடிமருந்தில் அது கண்சிமிட்டும் நேரத்துக்குள் நடந்து, பெரும் சக்தியை வெளிவிடுகிறது. வயலிலும் குண்டிலும் நடப்பது ஒரே பொருளின் திரும்புதல், வேகம்தான் வேறு. ஓபாவின் அமோனியா நைத்திரிக் அமிலமாக்கப்பட்டு எறிகணைகளுக்குள் போனது. அந்த அமோனியா இல்லாதிருந்தால் ஜேர்மனியின் வெடிமருந்து மிக முன்னரே தீர்ந்திருக்கும் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. உலகின் பசியைத் தீர்க்கவென்று வந்த கண்டுபிடிப்பு, போரை ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கவும் உதவியது.

ஹேபர் அதோடு நிற்கவில்லை. 1911 முதல் பேர்லினில் கைசர் வில்ஹெல்ம் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த அவர், தன் ஆய்வுகூடத்தை இராணுவத்திடம் ஒப்படைத்து, நச்சு வாயுவை ஆயுதமாக்கும் வேலைக்குத் தானே தலைமை தாங்கினார். நஞ்சை ஆயுதமாக்குவதை ஹேக் உடன்படிக்கைகள் தடைசெய்திருந்தன. வாயு போரை விரைவில் முடிக்கும், அதனால் உயிர்கள் மிஞ்சும் என்பது அவர் முன்வைத்த நியாயம். அந்த நியாயத்தைப் பிற்காலத்தில் வேறு பல போர்களிலும் உலகம் கேட்டது.

1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே, ஆறு கிலோமீற்றர் நீளமான போர்முனையில் ஏறத்தாழ 150 தொன் குளோரீன் திறந்துவிடப்பட்டது. ஹேபர் அங்கே நேரில் நின்று மேற்பார்வை செய்தார். குளோரீன் காற்றைவிடப் பாரமானது. அது நிலத்தோடு தவழ்ந்து, பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. எறிகணையிலிருந்து தப்ப வெட்டிய குழிகளே மூச்சுத்திணறலின் குழிகளாயின. முதலில் அகப்பட்டவர்களில் பிரான்சின் காலனி நாடான அல்ஜீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட படையினரும் இருந்தனர். ஹேபருக்கு இராணுவத்தில் கப்டன் பதவி கிடைத்தது. யூத வம்சத்தில் பிறந்த ஒருவருக்கு அது அரிதான மரியாதை.

அவரது மனைவி கிளாரா இம்மர்வாரும் இரசாயனவியலாளர். பிரெஸ்லோ பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1901இல் நடந்த திருமணத்தின் பின் அவரது ஆய்வு வாழ்க்கை வீட்டுக்குள் முடங்கியது. ஈப்ர் தாக்குதல் நடந்து பத்து நாட்களில், மே 2ஆம் திகதி, கணவரின் இராணுவக் கைத்துப்பாக்கியால் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வாயு ஆயுதத்தின் மீதான வெறுப்பே காரணம் என்று சிலர் எழுதுகின்றனர். கசந்துபோன மணவாழ்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கின்றனர் வேறு சிலர். பன்னிரண்டு வயது மகன் ஹேர்மன் வீட்டில் இருந்தான். ஹேபர் தாயை இழந்த அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு, அடுத்த வாயுத் தாக்குதலுக்காகக் கிழக்குப் போர்முனைக்குப் புறப்பட்டார்.

ஜேர்மனி தோற்றபோது, போர்க்குற்றவாளியாகத் தேடப்படலாம் என்ற அச்சத்தில் ஹேபர் சிறிது காலம் சுவிற்சர்லாந்துக்குச் சென்றிருந்தார். விசாரணை எதுவும் நடக்கவில்லை. மாறாக, 1918ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு அமோனியாத் தயாரிப்புக்காக அவருக்கு அறிவிக்கப்பட்டது. வென்ற நாடுகளின் விஞ்ஞானிகள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1921 செப்ரெம்பர் 21 அன்று ஓபாவ் தொழிற்சாலையில் குவித்து வைத்திருந்த பசளை வெடித்து, 500க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அப்போது போர் இல்லை. இறுகிப்போன பசளைக் குவியலை வழக்கம்போல் சிறு வெடிவைத்துத் தளர்த்த முயன்றபோது நேர்ந்த அழிவு அது. ஜேர்மனி மீது சுமத்தப்பட்ட போர் இழப்பீட்டை அடைக்க, கடல்நீரிலிருந்து தங்கம் பிரிக்கவும் ஹேபர் ஆண்டுக்கணக்கில் முயன்றார். கடலில் இருந்த தங்கம் அவர் நம்பியதைவிட மிகக் குறைவு.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களை அரச பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் ஏப்ரலில் வந்தது. போரில் பணியாற்றியவர் என்ற விதிவிலக்கால் ஹேபர் பதவியில் நீடித்திருக்கலாம். ஆனால் தன்னோடு வேலைசெய்த யூத விஞ்ஞானிகளைத் தானே வெளியேற்ற வேண்டியிருந்தது. அவர் பதவியைத் துறந்தார். மதத்தையும், அறிவையும், மனச்சாட்சியையும் எந்த அரசுக்காகக் கொடுத்தாரோ, அந்த அரசு அவரை அவர் பிறந்த இனத்தைக் கொண்டு மட்டுமே அளந்தது. சில மாதங்கள் கேம்பிரிட்ஜில் அடைக்கலம் பெற்ற அவர், 1934 ஜனவரி 29 அன்று சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் நாடற்றவர் போல் இறந்தார். கிளாராவின் அஸ்தி அங்கே கொண்டுவரப்பட்டு அவரோடு சேர்த்துப் புதைக்கப்பட்டது. ஹேபரின் கீழ் தொடங்கிய பூச்சிகொல்லி ஆய்வுகளின் வழிவந்த சைக்ளோன் பி என்ற நஞ்சு, பின்னாளில் நாசி முகாம்களின் வாயுக் கூடங்களில் பயன்பட்டது. முகாம்களில் கொல்லப்பட்டோரில் அவரது உறவினரும் இருந்தனர். மகன் ஹேர்மன் 1946இல் அமெரிக்காவில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு ஹேபரின் முறையில் பிணைக்கப்பட்ட நைதரசனில் விளைகிறது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். அதைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2021இல் இலங்கை கண்டது. இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்திய அரசு, அந்த ஆண்டு முடியுமுன்னரே பின்வாங்கியது. ஆனாலும் அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

அளவுமீறிப் போட்டாலும் கேடுதான். பயிர் எடுத்துக்கொள்ளாத நைத்திரேற்று நிலத்தில் தங்குவதில்லை. ஒரு பகுதி நைதரஸ் ஒட்சைட்டாக மேலே போய்ப் பூமியைச் சூடாக்குகிறது. மறுபகுதி மழையோடு கீழே இறங்குகிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பல தசாப்தங்களாகப் பசளை போட்ட வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலம் அதை வடிகட்டாமல் கிணற்றுக்குள் விட்டுவிடுகிறது. நெருக்கமாக அமைந்த மலக்குழிகளும் அதனோடு சேர்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையை மீறிய கிணறுகள் அங்கே பல என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக, அதன் செறிவு கூடவே செய்யும். அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழக்கலாம். கைக்குழந்தை உள்ள வீடுகள் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

ஹேபர் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. கோடிக்கணக்கானோருக்குச் சோறு போட்டவர் என்று ஒருபக்கம் எழுதுகிறார்கள், வாயுப் போரின் தந்தை என்று மறுபக்கம். ஒரு கணக்கைக் காட்டி மற்றதைக் கழித்துவிட முடியாது. காற்றிலிருந்து எடுத்த நைதரசன் எந்த வழியிலாவது திரும்பியே தீரும். அதை மண்ணுக்குள் விடுவதா, குண்டுக்குள் அடைப்பதா என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர் இருந்தார். இரண்டையும் தெரிந்தே செய்தார்.