கீச்சிட்ட இடுப்பு மூட்டு... 300 பேருக்குத் தோல்வி... கடைசியில் ஜெயித்த டாக்டர்! யார் இந்த ஜான் சார்ன்லி?

இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, யாரிடம் போவது என்பதுதான். சின்னத் தழும்பு, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்தே முடிவெடுப்பவர்களும் உண்டு. இந்த சிகிச்சைக்கு இன்றைய வடிவம் கொடுத்த சர் ஜான் சார்ன்லி, அந்தக் கேள்வியை ரொம்பவே சீரியஸாக எடுத்துக்கொண்டவர்.

யார் இவர்?

1911 ஆகஸ்ட் 29-ல் இங்கிலாந்தின் பரி நகரில் பிறந்தார். அப்பா மருந்துக்கடைக்காரர், அம்மா நர்ஸ். 1935-ல் மான்செஸ்டரில் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக கெய்ரோவில் இருந்தபோது, எலும்பு சிகிச்சைக்கான கருவிகளைத் தானே வடிவமைத்தார். பாதி டாக்டர், பாதி இன்ஜினியர்!

கீச் கீச் சத்தம்

1950-களில் ஒரு நோயாளி வந்தார். வேறு இடத்தில் பொருத்தப்பட்ட பிளாஸ்டிக் இடுப்பு மூட்டு, அவர் அசையும்போதெல்லாம் கீச்சிட்டது. சத்தம் தாங்காமல் மனைவியே எழுந்து போய்விடுவாராம். மற்றவர்களுக்கு வேடிக்கை. சார்ன்லிக்கோ அது துப்பு. உராய்வு அதிகம் என்பதால்தான் சத்தம் என்று புரிந்துகொண்டவர், வழுக்கும் பொருளைத் தேட ஆரம்பித்தார்.

பெரிய சறுக்கல்

முதலில் கிடைத்தது டெஃப்ளான். நடக்கவே முடியாதவர்கள் வலியில்லாமல் நடந்தார்கள். ஆனால் சில வருடங்களிலேயே டெஃப்ளான் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியிருந்த திசுவைப் பாதித்தன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 300 பேர். சார்ன்லி ஓடி ஒளியவில்லை. தோற்றுப்போன மூட்டுகளைத் தன் கையாலேயே திரும்ப ஆபரேஷன் செய்தார்.

1962-ல் அவருடைய ஆய்வக உதவியாளர் ஹாரி கிரேவன் கையில் புதுவகை பாலிஎத்திலீன் கிடைத்தது. தறி இயந்திரங்களின் பல்சக்கரத்துக்குப் பயன்பட்ட பிளாஸ்டிக் அது. சார்ன்லி அலட்சியப்படுத்தியும், கிரேவன் அதைச் சோதித்துப் பார்த்தார். தேய்மானம் மிகக் குறைவு! சார்ன்லி செய்ததுதான் ஹைலைட். டெஃப்ளான், பாலிஎத்திலீன் இரண்டையும் தன் சொந்தத் தொடைக்குள் வைத்துச் சோதித்தார். டெஃப்ளான் கட்டியை உண்டாக்கியது, பாலிஎத்திலீன் உண்டாக்கவில்லை. புதிய மூட்டு 1962 நவம்பரிலிருந்து நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது.

யாருக்கு விற்கலாம்?

டெஃப்ளான் தந்த பாடத்தை அவர் மறக்கவில்லை. பல வருடங்கள் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்தார். சுத்தமான காற்று சுழலும் ஆபரேஷன் அறை உள்ளிட்ட ஏற்பாடுகளால், சுமார் 7 சதவீதமாக இருந்த கிருமித்தொற்றை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். ரைட்டிங்டன் மருத்துவமனையில் தன்னிடம் பயிற்சி பெறாத டாக்டர்களுக்கு மூட்டை விற்கக் கூடாது என்று தயாரிப்பு நிறுவனத்துக்கு நிபந்தனை போட்டார். 1970-களில்தான் அது தளர்ந்தது. பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் பொருத்தும் கையும் பழகியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

1977-ல் சர் பட்டம் பெற்றவர், 1982 ஆகஸ்ட் 5-ல் காலமானார். அவர் பொருத்திய மூட்டுகளில் பல, 20 ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தன.

இன்று நமக்கு என்ன?

சார்ன்லி பெரிதாகத் திறந்துதான் ஆபரேஷன் செய்தார். இன்று சின்னக் கீறலிலேயே செய்யும் முறைகளும் உண்டு. ஆனால் புது முறையைக் கற்கும் ஆரம்ப கட்டத்தில் சிக்கல்கள் அதிகம் வரலாம். அதனால் டாக்டரைத் தேடும்போது தழும்பின் நீளத்தோடு இதையும் கேளுங்கள்: இதே முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? எத்தனை பேருக்குத் திரும்ப ஆபரேஷன் தேவைப்பட்டது? எத்தனை வருடம் தொடர்ந்து பார்ப்பார்? தயங்காமல் பதில் சொல்லும் டாக்டர் கிடைத்தால், தேடல் சரியான பாதையில் போகிறது.